தாழ்மை வாசல்

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பை மாட்டுவதற்குள் தர்மசிங் அண்ணாச்சி ஓடிவந்து வழிமறித்தார். அவர் எங்கள் சேகரத்துக்கு, அதாவது சபை வட்டாரத்துக்கு, செயலாளர். செப்டம்பரில் என் வீட்டுக்காரருடைய முதலாண்டு நினைவு வருகிறதாம். கமிட்டி பெரிதாக யோசிக்கிறதாம்.

எங்கள் வேதக்கோயிலில் செத்தவர்களை நினைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. இல்லாதப்பட்டவர் என்றால் பெஞ்சு, நடுத்தரம் என்றால் மின்விசிறி, வசதி என்றால் ஏசி. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதியிருக்கும். சுவிட்ச் போட்டதும் செத்தவர் யாரென்று தெரியாமல் சுற்றுவார். என் மாமியார் பீடத்துக்கு இடப்பக்கம் ஏழு வருஷமாகச் சுற்றுகிறார். உயிரோடு இருந்தபோது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதவர்.

"அவுகளுக்கு ஃபேன் பத்தாது டீச்சர். அவுக இந்தச் சேகரத்துக்கே தூணு" என்றார் அண்ணாச்சி.

"ஒன்னும் வேண்டாம் அண்ணாச்சி. அவுகளுக்கு ஆடம்பரம் பிடிக்காது."

"அதான் டீச்சர்! அந்தத் தாழ்மைக்குத்தான் பெரிசா செய்யணும்னு சொல்லுதோம்."

வீட்டுக்கு வந்து சாளைமீன் குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க இன்னும் கை பழகவில்லை. இரண்டு நாளைக்கு இதுதான்.

ஜூன் 12, புதன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். இவர் இருந்திருந்தால் தானே கழற்றி, பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி, இரண்டு நாள் எங்களைக் குளிக்கவிடாமல் வைத்திருப்பார். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டதில்லை.

ஆனால் பாலங்கள் நின்றன. அதைச் சொல்லத்தான் வேண்டும். நிற்க வைத்ததில் பாதி சிமெண்டு, பாதி ஜெபம். குடும்ப ஜெபத்தில் முதலில் தேசம், பிறகு பேராயர், பிறகு பிள்ளைகள், அதற்குப் பிறகு தான் கட்டிய பாலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்படைப்பார். மதகுகள்கூட விடுபடாது. "ஆண்டவரே, அந்த ஓடைப்பாலத்தோட வடக்குத் தூணை நீரே தாங்கிக்கொள்ளும்" என்பார். இட்லி ஆறி, சட்னி நீர்விட்டு, பிள்ளைகள் தூங்கி விழுவார்கள்.

கடைசியில் எங்கள் கோயில் கோபுரம் வரும். கோபுரம் வந்துவிட்டால் ஜெபம் முடியப்போகிறது என்று அர்த்தம். மகன் கிளாட்சன் கண்ணை மூடிக்கொண்டே தட்டை இழுப்பான். கோபுரத்துக்கு மட்டும் இவர் கொஞ்சம் நீளமாகவே ஜெபிப்பார். பசியில் யாரும் ஏனென்று கேட்டதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆமோஸ் ஐயர் வந்தார். (வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) நினைவு மலருக்கு இவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டுமாம். இவர் இறந்தபோது ஐயர் இந்தச் சேகரத்துக்கு வந்து நான்கு மாதம்தான். அதில் மூன்று மாதம் இவர் படுக்கையில். ஆனாலும் ஐயருக்கு இவரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

"அம்மா, இன்ஜினியர் நாற்பது வருஷமா முன்வாசல் வழியா ஆலயத்துக்குள்ள வந்ததே இல்லையாமே? எப்பவும் அந்தப் பக்கத்துச் சின்ன வாசல்தானாம். தலையைக் குனிஞ்சுதான் வருவாராம். எப்பேர்ப்பட்ட தாழ்மை!"

அந்த வாசல் நாலடி உயரம். குனியாமல் வந்தால் மண்டை உடையும். அதைச் சொல்லவில்லை.

"முன்வாசல்ல வெயில் அடிக்கும்யா. அவுகளுக்கு வெயில் ஒத்துக்காது" என்றேன்.

ஐயர் உடனே எழுதிக்கொண்டார். அப்புறம் எனக்கே வாசித்தும் காட்டினார்: 'வெயிலைச் சாக்காகச் சொல்லித் தம் தாழ்மையை மறைத்துக்கொண்ட மாமனிதர்.' வெயிலில் பாலம் கட்டிக் கருத்த மனிதர் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் வேறு காரணம் சொல்ல வரவில்லை. வாசல் வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான்.

ஜூலை 4, வியாழன்

கிளாட்சன் மெல்போர்னிலிருந்து வீடியோவில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அப்பா நினைவாக மணி செய்யக் கொடுத்துவிட்டானாம். தர்மசிங் அண்ணாச்சியும் அவனும் சேர்ந்து இரண்டு மாதமாக எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

"அப்பா பேரை மணியிலயே வார்க்கச் சொல்லிட்டேம்மா. ஞாயித்துக்கிழமை தவறாம அப்பா பேரு ஊரெல்லாம் கேக்கும்."

"எங்கலே தொங்கவிடப் போறீங்க?"

"கோபுர உச்சியிலதான். வேற எங்க? அப்பா கட்டின கோபுரம், அப்பா மணி!"

"ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 5

எத்தனை கனம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 6

கேட்டேன். நானூறு கிலோ.

ஜூலை 7, ஞாயிறு

இப்போது கோபுரத்தில் இருப்பது சின்ன மணி. கீழ் அடுக்கில் தொங்குகிறது. ஐஸ்காரன் மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய மணி வாங்க மூன்று தடவை பேச்சு வந்தது. மூன்று தடவையும் இவர்தான் அமுக்கினார். முதல் தடவை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகளுக்குத் தொந்தரவு என்றார். ஆஸ்பத்திரி இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. இரண்டாம் தடவை, அந்தச் செலவில் விதவைகளுக்குச் சேலை எடுக்கலாம் என்றார். விதவைகள் பக்கம் ஒரே கைதட்டல், மணி செத்தது. மூன்றாம் தடவை சாக்கு எதுவும் கிடைக்காமல் உபவாசம் இருந்தார். இன்ஜினியர் சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று கமிட்டி பயந்து கைவிட்டது.

வீட்டில் என்னிடம் சொன்னது வேறு. "மேல ரெண்டு அடுக்குல ஒரு காக்கா வந்து உக்காந்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது சுகிர்தம்" என்பார். "மணி தொங்குறது பாரம் இல்ல. அது ஆடுது பாரு, அதுதான் பாரம்" என்பார். நான் பருப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன்.

ஜூலை 21, ஞாயிறு

தர்மசிங் அண்ணாச்சி வீட்டுக்கு நானே போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அந்தக் கோபுரம் மணியைத் தாங்காது அண்ணாச்சி. அவுகளே என்கிட்ட சொல்லியிருக்காவ."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டீச்சர், இன்ஜினியர் கட்டின கோபுரத்தையா சந்தேகப்படுதீங்க? அவுக பாலத்துல இன்னைக்கும் லாரி போகுது. இதே வார்த்தையை வேற யாராவது சொல்லியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன்."

"அவுகதான் சொன்னாவன்னு சொல்லுதேனே."

"அவுக தாழ்மையில சொல்லியிருப்பாவ. தன் வேலையைத் தானே குறைச்சுச் சொல்லுறது பெரியவங்க குணம்."

இதற்கு மேல் என்ன பேச? அவர் மனைவி முறுக்குத் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், பாவம் டீச்சருக்குப் புருஷன் போன துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று எழுதியிருந்தது. என் மனசு ஆறட்டும் என்று அண்ணாச்சி தோஹாவில் இருக்கும் மருமகனிடம் கேட்பதாகச் சொன்னார். மருமகனும் பொறியாளர்தானாம். அண்ணாச்சியே வாசலில் நின்று கோபுரத்தைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். நான் முறுக்கை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கட்டைவிரல் ஒன்று, கூப்பிய கை மூன்று. ஆய்வு முடிந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஐயரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பயங்கள் வருவது இயல்புதான் என்றார். என் தலையில் கை வைத்து, சந்தேகத்தின் ஆவி என்னை விட்டுப் போகும்படி கால்மணி நேரம் ஜெபித்தார். அது போகவில்லை. காப்பி குடித்துவிட்டு அவர்தான் போனார்.

சமையல் கேஸ் தீர்ந்தது. பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை என்பதால் எப்சிபா தூத்துக்குடியிலிருந்து வந்தாள். மகள் வந்தால் வீட்டுக்குச் சத்தம் வந்துவிடுகிறது. கிளாட்சனின் மணியைப் பற்றி அவளும் பூரித்துப் போயிருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு மரியாதை செஞ்சா உனக்கென்ன?"

"செய்யட்டும். கோபுரத்துல வேண்டாங்கேன்."

"அப்பா கட்டினதும்மா அது."

"அதுல பாதிதான் அப்பா கட்டினது."

பேச்சு அங்கிருந்து எப்படியோ அவள் கல்யாணத்துக்குப் போனது. மணப்பெண்ணாக அவளையும் இவர் அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் கூட்டிவந்தார். முகத்திரை தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வாசலில் பூவோடு காத்து நின்றார்கள்.

"என் மாமியார் அன்னைக்கே கேட்டா. எங்கப்பா அவ்வளவு தாழ்மையானவர்னு சொன்னேன். பதினஞ்சு வருஷமா அதையே சொல்லிச் சொல்லி என்னையும் தாழ்மையா இருக்கச் சொல்லுதா" என்றாள் எப்சி.

"அது தாழ்மை இல்லட்டி. பயம்."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. முன்வாசலுக்கு மேலே கோபுரம் இருக்கிறது. முன்வாசல் வழியாகப் போனால் கோபுரத்துக்கு அடியில் போக வேண்டும். இவர் போகமாட்டார். எங்களையும் போகவிடமாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

எப்சி சிரித்தாள். மாமியாரை நினைத்து இன்னும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ மத்தவங்க எல்லாரும் முன்வாசல் வழியாத்தானேம்மா போனாங்க?"

வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாருக்காகவோ இல்லை, மூன்று நாளாக எப்சியின் கேள்வி சோற்றோடு உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கோயிலுக்குக் கோபுரம் கட்ட முடிவானது. இவர் இளம் பொறியாளர். வீட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று அடுக்குக் கோபுரம் வரைந்தார். அஸ்திவாரமும் தூணும் மூன்று அடுக்குக்கு. அதே வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கோபுரத்தை உயர்த்தினார்கள். அப்போது செயலாளராக இருந்தது தர்மசிங் அண்ணாச்சியின் அப்பா. நம் கோபுரம் அவர்களுடையதைவிட ஒரு முழமாவது உயரமாக இருந்தால்தான் ஆண்டவருக்கு மகிமை என்றார். இன்னும் இரண்டு அடுக்கு போடு என்றார். இவர் முடியாது என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அப்போதைய ஐயர், படித்த வாலிபர்களின் அவிசுவாசம் என்று ஒரு மணி நேரம் பேசினார். எல்லோரும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு இவர் ஓர் அணைக்கட்டு வேலைக்காக வெளியூர் போனார். திரும்பி வந்தபோது ஐந்து அடுக்கு நின்றது. கொத்தனாரை வைத்தே ஏற்றிவிட்டார்கள். பிரதிஷ்டை அன்று இவரை மேடைக்குக் கூப்பிட்டு, கோபுரம் கட்டிய பொறியாளர் என்று சால்வை போர்த்தினார்கள். கல்லிலும் பெயர் பொறித்தார்கள். இவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். சால்வையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து வாசல்.

யாரோ ஒரு பாட்டையா அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு தாழ்மை என்றார். அது பரவியது. பயம் என்று சொன்னால் விசுவாசம் இல்லாதவன் என்பார்கள், தாழ்மை என்றால் கும்பிடுகிறார்கள். இவர் மறுக்கவில்லை. கோபுரம் அசையாமல் சும்மா நின்றால் நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மணி ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார். அந்தக் கணக்கையே தானும் முழுசாக நம்பவில்லை என்பதற்குத்தான் பக்கத்து வாசல் சாட்சி.

கெட்டவர் இல்லை. கூலிக்காரன் ஒருத்தனைக்கூட ஏமாற்றியதில்லை. எல்லாப் பாலத்துக்காகவும் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவர், இந்த ஒன்றை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோயில் மதிலில் பதினைந்தடி நீளத்துக்கு ஃபிளெக்ஸ். 'பரலோகப் பொறியாளர்' என்று தலைப்பு. படத்தில் இவருக்கு ஸ்டுடியோக்காரன் நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிட்டிருக்கிறான். டையைக் கண்டால் கயிறு என்பார் இவர். தலைமுடி வேறு முளைத்திருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் தேடும் கம்பெனி முதலாளி போல என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கே யாரோ ஒருத்தர் என்று தோன்றியது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பக்கத்து வாசலுக்கு மேல் கருங்கல் பலகை பதித்துவிட்டார்கள். 'தாழ்மை வாசல்.' கீழே இவர் பெயர், பட்டம், வகித்த பதவிகள் எல்லாம். பலகை வைத்ததில் வாசல் இன்னும் அரையடி குறைந்துவிட்டது. இப்போது உண்மையிலேயே முழங்காலை மடக்கினால்தான் போக முடியும்.

முன்பக்கம் கோபுரத்துக்கு அடியில் பாலர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நிழலும் காற்றும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளை அங்கேதான் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். தர்மசிங் அண்ணாச்சியின் பேத்தி ஜெமிமா மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன டீச்சர், சார் ஞாபகமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மணி வந்தது. லாரி, மாலை, பேண்டு வாத்தியம், பட்டாசு. செத்தவருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் அடக்கத்தின்போதுகூட இல்லை.

அழகான மணி. பொய் சொல்லக்கூடாது. தங்கம் போல மின்னுகிறது. 'வேதமாணிக்கம் பி.இ.' என்று இவர் பெயர் தடித்த எழுத்தில் சுற்றி ஓடுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறன்று மணியைக் கீழே வைத்து ஜெபம். அன்றைக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும். திங்கள் காலை மேலே ஏற்றுகிறார்கள். முதல் கயிறு நான்தான் இழுக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 14, சனி

எப்சி வந்துவிட்டாள். நாளைக்கு என்ன பேசப்போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

தெரியும். உண்மையைச் சொன்னால் இவருடைய பெயர் போய்விடும். அந்தப் பெயர் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. கடைக்காரன் எழுந்து நின்று பாக்கெட் பால் கொடுப்பது அந்தப் பெயருக்காகத்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மணி ஏறும். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் அதற்கு அடியில் பாட்டுப் பாடுவார்கள்.

இவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. நீங்கள் மூன்று தடவை தந்திரமாகத் தடுத்தீர்கள். நாலாவதை என் தலையில் கட்டிவிட்டு, கோட்டும் டையுமாகச் சுவரில் சிரிக்கிறீர்கள். செத்தவரோடு சண்டைபோட முடியாதது பெரிய அநியாயம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் நிரம்பி வழிந்தது. ஆராதனைக்குப் பிறகு ஆட்டுக்கறிச் சாப்பாடு என்று அறிவித்திருந்ததும் ஒரு காரணம். ஐயர் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். தாழ்மை என்ற சொல் அதில் வராத பத்தியே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும், வகுப்பில் நின்ற பழக்கம், குரல் தானாக எழும்பியது.

"என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஜெபம்பண்ணுவார். பிள்ளைகளை அடிச்சதில்ல" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஆனா அவர் பக்கத்து வாசல்ல வந்தது தாழ்மையினால இல்ல. அவருக்குக் கோபுரத்தைப் பார்த்தா பயம். எங்கே இடிஞ்சு தலையில விழுமோன்னு பயம். அதனால நாற்பது வருஷம் அது பக்கமே வரல."

சபை சிரித்தது. நல்ல சந்தோஷமான சிரிப்பு. ஐயர் பக்கத்து மைக்கை எடுத்து, "பார்த்தீர்களா, கணவரின் தாழ்மை மனைவியிடமும் இருக்கிறது" என்றார். யாரோ அல்லேலூயா என்றார்கள். தர்மசிங் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது, நான் என்ன சொன்னாலும் இவர்கள் அதையும் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள் என்று.

"சரி. அப்போ மணியை ஏத்துங்க" என்றேன். "ஆனா முதல் கயிறு நான் இழுக்கமாட்டேன். தர்மசிங் அண்ணாச்சி இழுக்கட்டும். இழுக்கும்போது அவுக பேத்தி ஜெமிமா கீழ நின்னு பாடட்டும். ஐயரும் பக்கத்துல நிக்கட்டும். கமிட்டியில கையெழுத்துப் போட்ட எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பாயில உக்கார வையுங்க. மேல ரெண்டு அடுக்கு இன்ஜினியர் கட்டினது இல்லன்னு உங்கள்ல வயசானவங்க எல்லாருக்கும் தெரியும். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். அதுக்கப்புறம் பயத்துல வாயை மூடிக்கிட்டார். அவர் செஞ்சது தப்பு. பக்கத்து வாசலைத் தனக்கு மட்டும் வச்சுக்கிட்டது தப்பு. நான் அதைச் செய்யமாட்டேன். எல்லாருக்கும் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெமிமாவின் அம்மா, அண்ணாச்சியின் மருமகள், எழுந்து போய் ஜெமிமாவைத் தூக்கி, யார் முகத்தையும் பார்க்காமல், மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐயர் அவசரமாக ஆசீர்வாதம் சொன்னார். சபை எழுந்தது. முன்வாசல் விரியத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மணி, மாலையோடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கண்ணில் பட்ட அத்தனை பேரும் பக்கத்து வாசலுக்குப் போனார்கள். "தாழ்மை வாசல் வழியா போவோம், என்ன இருந்தாலும் நினைவு நாள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு சபையே நெருக்கியடித்தது. கல் பலகையில் இடித்து மூன்று பேருக்கு நெற்றியில் வீக்கம். ஐயர் வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடக்கிப் போனார். கடைசியாகத் தர்மசிங் அண்ணாச்சி. முன்வாசலை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்தார்.

ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. என் பக்கத்தில் எப்சியைத் தவிர யாரும் உட்காரவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

மணி ஏறவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கமிட்டித் தீர்மானத்தைத் தர்மசிங் அண்ணாச்சி நேரில் வந்து சொன்னார். உட்காரவில்லை, காப்பி வேண்டாம் என்றார். இன்ஜினியரின் தாழ்மைக்கு அடையாளமாக மணியைத் தரையிலேயே மேடை போட்டு வைக்கிறார்களாம். கோபுரமும் பெருமைக்குரியதாக இருக்கக்கூடாது என்பதால் மேல் இரண்டு அடுக்கையும் இறக்கிவிடுகிறார்களாம். அதுவரை முன்வாசலைப் பூட்டி, எல்லோரும் தாழ்மை வாசலையே பயன்படுத்த வேண்டுமாம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"பயம்னு ஒரு வார்த்தை எங்கயாவது எழுதினீங்களா அண்ணாச்சி?"

"அப்படி எல்லாம் எழுத முடியுமா டீச்சர்? சபை தீர்மானம் அது" என்றார்.

போகும்போது வாசலில் நின்று, "எங்கப்பாதான் அந்த ரெண்டு அடுக்கைப் போடச் சொன்னது. எனக்குத் தெரியும்" என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கிளாட்சன் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அத்தனை பேருக்கு முன்னால அப்பாவைக் கோழைன்னு சொல்லிட்டியேம்மா."

"பயந்தார்னு சொன்னேன்ல. கோழைன்னு சொல்லல."

"ரெண்டும் ஒன்னுதான்."

"இல்லலே. உங்கப்பா பயந்து பயந்து மூணு தடவை மணியைத் தடுத்தார். இல்லாட்டி உன் ஞானஸ்நானத்துக்கே அது தலைக்கு மேல ஆடியிருக்கும்."

அப்பா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். பெரிய பையன், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, சின்னப்பிள்ளை போல அழுதான். அப்பா வெளியே யாரிடமும் சொல்லவில்லை, நம் எல்லோரையும் கையைப் பிடித்துக் குனிய வைத்துக் கூட்டிப்போனார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன்.

போனை வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். போகவில்லை, அடுக்களை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக இந்த ஊர் எனக்கு ஒரு பரிசுத்தவானைக் காட்டி இவருக்காக அழு என்றது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். எனக்கு அந்தப் பரிசுத்தவானோடு என்ன பழக்கம்? நான் குடும்பம் நடத்தினது வயிறு கலங்கிக்கொண்டு, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு மனிதரோடு. அந்தப் பிடி இருந்த இடம் எனக்கு இன்னும் தெரிகிறது. சத்தம் போட்டு அழுதேன். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டி, என்ன டீச்சர், யாருக்கு என்ன ஆச்சு என்றார்கள்.

"எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்" என்றேன்.